செயலாளரே அணி உரிமையாளராகவும் இருக்கலாமா?

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் ஊர் விளையாட்டுக் கழகம் சில வருடங்களாகக் கோடை விடுமுறையில் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடத்துகிறது. இந்த முறை எட்டு அணி, எட்டு உரிமையாளர், ஆட்டக்காரர் ஏலம், ஸ்பான்சர் என்று அதை ஒரு லீக்காக மாற்றப் போகிறார்கள். கழகத்தின் செயலாளர் தானும் ஓர் அணியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். கழகத்தை வளர்த்தவரே அவர்தான். ஊரில் பாதிப் பேர் இது தப்பு என்கிறார்கள், மீதிப் பேர் "அவர் பணம் போடுகிறார், உனக்கென்ன?" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது, கழகத்தைப் பதிவு செய்யவேண்டுமா, அவர் பதவியை விடமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. உங்கள் செயலாளர் பதவி, அணி இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். "ஊர்க் கழகத்தின் செயலாளர் அணி வாங்கக்கூடாது" என்று தனியாக எழுதிய சட்டப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் அச்சு அசலாக இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பதில் வந்து சேர ஏழு வருடம் ஆனது. சங்கங்களுக்குக் கணக்கு எழுதித் தருவதுதான் என் தொழில் என்பதால், அந்த வழக்கை ஆரம்பத்திலிருந்தே கூர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். நம் ஊர்ப் பக்கத்துக்கும் அதற்கும் இருக்கும் தொடர்பு பலருக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் என்றதும் ஏதோ அரசுத் துறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு சங்கம். 1928-ல் தொடங்கி 1940-ல் சென்னையில் பதிவு செய்யப்பட்டது. இன்றைக்கும் அது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் சங்கம்தான். உங்கள் கழகத்தைப் பதிவு செய்யப் போனால் எந்தச் சட்டத்தின் கீழ் செய்வீர்களோ, அதே சட்டம். 2018 ஆகஸ்டில் வாரியத்தின் புதிய விதிகளை உச்ச நீதிமன்றம் முடிவு செய்து கொடுத்தபோதும், அதைப் பதிவு செய்யும்படி உத்தரவு போனது தமிழ்நாட்டின் சங்கப் பதிவாளருக்குத்தான்.

வாரியத்தின் வரலாற்றில் செட்டிநாட்டுக் குடும்பத்துக்குப் பெரிய இடம் உண்டு. ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன் எம்.ஏ. சிதம்பரம் 1960-களின் தொடக்கத்தில் வாரியத் தலைவராக இருந்தார். சேப்பாக்கம் மைதானத்துக்கு அவர் பெயர்தான். அவருடைய மகன் ஏ.சி. முத்தையா 1999 முதல் 2001 வரை வாரியத் தலைவர். உங்கள் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் இந்த முத்தையாதான்.

நடந்தது இது. 2008 ஜனவரியில் ஐபிஎல் அணிகள் ஏலம் விடப்பட்டபோது, சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த நிறுவனத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர் என். ஸ்ரீனிவாசன். அப்போது அவர் வாரியத்தின் பொருளாளரும்கூட. வாரியத்தின் விதிமுறையிலோ 6.2.4 என்று ஒரு பிரிவு இருந்தது. வாரியம் நடத்தும் போட்டிகளில் நிர்வாகி எவருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் இருக்கக்கூடாது என்று அது சொன்னது. இதைச் சுட்டிக்காட்டி முத்தையா கடிதம் எழுதினார், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, 2008 செப்டம்பர் 27-ஆம் தேதி வாரியம் அந்தப் பிரிவையே திருத்தி, ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் போன்ற போட்டிகளுக்கு இது பொருந்தாது என்று சேர்த்துக்கொண்டது. அதே சமயத்தில் ஸ்ரீனிவாசன் வாரியத்தின் செயலாளராகவும் ஆனார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். நடந்துவிட்ட தவறுக்கு ஏற்றாற்போல் விதியை வளைப்பது, முதல் தவறைவிடப் பெரிய தவறு. உங்கள் ஊரில் யாராவது "பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு அனுமதித்துவிடலாம்" என்று சொன்னால், இந்த 2008 திருத்தத்துக்கு என்ன கதி ஆனது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் முத்தையாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் 2011 ஏப்ரல் 28-ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். இந்த வழக்கைக் கொண்டுவர முத்தையாவுக்கு உரிமை இல்லை என்று நீதிபதி பாஞ்சால் தள்ளுபடி செய்தார். முன்னாள் தலைவர் என்ற முறையில் அவருக்கு உரிமை உண்டு, அந்தத் திருத்தம் செல்லாது என்று நீதிபதி கியான் சுதா மிஸ்ரா எழுதினார். விஷயம் பெரிய அமர்வுக்குப் போகும்படி ஆகி, அப்படியே நின்றது.

அப்புறம் 2013 மே மாதத்தில் ஐபிஎல் சூதாட்டப் பிரச்சினை வெடித்தது. ஸ்ரீனிவாசன் அப்போது வாரியத் தலைவர். கைதானவர்களில் ஒருவர் அவருடைய மருமகன். "அவர் அணியின் நிர்வாகி இல்லை, வெறும் கிரிக்கெட் ஆர்வலர்" என்று அணித் தரப்பு சொன்னது. தன் அணியைப் பற்றிய விசாரணையை யார் நடத்துவது என்பதைத் தானே தலைவராக இருக்கும் வாரியம் முடிவு செய்யும் நிலை வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் முத்தையா எழுப்பிய கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

இந்த விவகாரத்தில் பீகார் கிரிக்கெட் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் 2015 ஜனவரி 22-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அமர்வில் இருந்தவர்கள் நீதிபதி டி.எஸ். தாக்கூரும் நீதிபதி எஃப்.எம். இப்ராஹிம் கலிஃபுல்லாவும். கலிஃபுல்லா காரைக்குடியில் பிறந்தவர். செட்டிநாட்டுக் குடும்பத்துக்காரர் ஒருவர் எழுப்பிய கேள்வி, காரைக்குடிக்காரர் ஒருவர் அமர்ந்திருந்த அமர்வில் முடிவுக்கு வந்தது. இதை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்தத் தீர்ப்பிலிருந்து உங்களுக்கு மூன்று விஷயம் தேவை. வாரியம் தனியார் சங்கம்தான் என்றாலும் பொதுப்பணி செய்கிறது, ஆகவே உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு, அதாவது பொதுப்பணி செய்பவர்களுக்கு நேரடியாக உத்தரவிடும் அதிகாரத்துக்கு, உட்பட்டது என்றது நீதிமன்றம். 6.2.4-க்குச் செய்த திருத்தத்தைச் செல்லாது என்று அடித்தது. வாரியத்தின் போட்டிகளில் வணிக நலன் வைத்திருப்பவர் எவரும், அதை வைத்திருக்கும்வரை வாரியத்தின் எந்தப் பதவிக்கும் போட்டியிட முடியாது என்றும் சொன்னது.

இவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லவேண்டும். முறைகேட்டை மூடி மறைத்தார் என்று ஸ்ரீனிவாசன்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. அப்படி இருந்தும் அவரால் இரண்டு நாற்காலியிலும் உட்கார முடியவில்லை. ஊரில் நடக்கும் வாதம் தடம் மாறுவது இங்கேதான். "செயலாளர் நல்ல மனிதர், கை சுத்தம், ஊருக்கு எவ்வளவு செய்திருக்கிறார்" என்பார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு அந்த முடிவால் லாபமோ நஷ்டமோ வருமா என்பதுதான் கேள்வி. மருமகன் வெறும் ஆர்வலர் என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே செயலாளர் தன் பெயரில் எடுக்காமல் மருமகன் பெயரில் எடுத்தாலும் நிலைமை அதேதான்.

உங்கள் லீக்கில் செயலாளர் என்னவெல்லாம் செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். எந்த அணி எந்த நாளில் ஆடும், காலை வெயிலிலா சாயங்காலமா என்று அட்டவணை போடுகிறார். அம்பயர்களைக் கூப்பிட்டு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். ஏலப் பட்டியலில் யார் பெயர் எந்த அடிப்படை விலையில் வரும் என்று தீர்மானிக்கிறார். வெளியூர்க்காரர் எத்தனை பேர் ஆடலாம், புதுக்கோட்டையிலிருந்து வந்த பையன் உள்ளூர்க் கணக்கில் சேர்வானா என்பதற்கும் அவர் பேச்சுதான் முடிவு. ரன் அவுட் தகராறில் புகார் எழுதிக்கொடுத்தால் அதைப் பிரித்துப் படிப்பவரும் அவரே. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு அவருடைய அணி நேர்மையாகவே ஜெயித்தாலும், தோற்ற ஏழு அணியும் ஒரு பேச்சுப் பேசும். அடுத்த வருடம் ஏலத்துக்கு ஆள் வரமாட்டார்கள். ஸ்பான்சர் போனை எடுக்கமாட்டார்.

"அணி சம்பந்தப்பட்ட விஷயம் வரும்போது மட்டும் அவர் கூட்டத்திலிருந்து எழுந்து போகட்டும்" என்று ஒரு சமரசம் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளில் அது நடக்கலாம். எட்டு அணி லீக்கில் எல்லா விஷயமும் அவர் அணி சம்பந்தப்பட்டதுதான். அட்டவணை, மழை விதி, நெட் ரன் ரேட் எதுவானாலும் அவருக்கு அதில் பங்கு உண்டு. அப்படி எழுந்து போவதானால் கூட்டம் முழுவதும் அவர் வெளியில்தான் நிற்கவேண்டும்.

இனி பதிவு விஷயம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். சங்கத்தின் நோக்கங்களாகச் சட்டம் சொல்லும் பட்டியலில் விளையாட்டும் இருக்கிறது. உறுப்பினர் இருபது பேராகிவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். இன்றைக்கு ஒரு கோப்பையும் பந்துகளும் வாங்கினாலே அந்தத் தொகை தாண்டிவிடும் என்பதால், லீக் நடத்தும் கழகம் பதிவு செய்துதான் ஆகவேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தின் விவரக்குறிப்பும் துணை விதிகளும் கொடுக்கவேண்டும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, அதன்பின் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கு வைத்து, அலுவலகத்தில் தாக்கல் செய்யவேண்டும். சங்கத்தின் வருமானம் அதன் நோக்கத்துக்குத்தான் செலவாகவேண்டும், உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது. லீக்கில் மிச்சமானதைச் செயற்குழு பங்கு போட்டுக்கொள்வது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அதைச் சட்டம் அனுமதிக்கவில்லை.

துணை விதிகளைக் கடையில் விற்கும் மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நான் பார்த்த கழகங்களில் பாதிச் சண்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. நலன் முரண், அதாவது முடிவெடுப்பவருக்கே அந்த முடிவில் லாப நஷ்டம் இருப்பது, பற்றி அந்த மாதிரிகளில் ஒரு வரி இருக்காது. நான் எழுதிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "செயற்குழு உறுப்பினரோ, அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார், மருமகன், மருமகள், மைத்துனர் ஆகியோரோ, கழகம் நடத்தும் போட்டியில் அணி உரிமையோ, அணிக்குப் போட்ட பணத்தில் பங்கோ, கழகத்துக்குப் பொருள் விற்கும் ஒப்பந்தமோ வைத்திருக்கக் கூடாது. அப்படி வைத்திருந்தால், அது நீங்கும்வரை அந்த உறுப்பினர் செயற்குழுவில் நீடிக்கக் கூடாது."

உறவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "ஒரே வீட்டில் வசிப்பவர்" என்று எழுதினால் நம் பக்கத்தில் அது நிற்காது. நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பும் கணக்கும் தனித்தனி. "அவர் தனிக் குடும்பம்" என்று நாளைக்கு எளிதாக வாதாடலாம். அதற்காகப் பங்காளி, சம்பந்தி, ஒன்றுவிட்ட மாமன் என்று எல்லோரையும் விலக்கினால் ஊரில் செயற்குழுவுக்கு ஆளே மிஞ்சாது. நெருங்கிய உறவுக்குத் தடை போடுங்கள். தூரத்து உறவு என்றால், ஏலத்துக்கு முன்பே அதைக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள்.

பதவிக்காலத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். சூதாட்ட வழக்குக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் நியமித்த லோதா குழு, வாரிய நிர்வாகிகளுக்குக் கட்டாய இடைவெளி வேண்டும் என்றது. 2022 செப்டம்பரில் நீதிமன்றம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. மாநிலச் சங்கத்தில் தொடர்ந்து ஆறு வருடம், வாரியத்தில் தொடர்ந்து ஆறு வருடம் இருக்கலாம், அதன்பின் மூன்று வருடம் விலகி இருக்கவேண்டும் என்பது அப்போது வகுத்த ஏற்பாடு. நம் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில், அங்கே கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள் மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் பேரேட்டையும் ஐந்தொகையையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி ஊருக்கு வந்துவிடுவார். திறமைசாலி என்பதற்காக அவரை அங்கேயே நிரந்தரமாக வைத்ததில்லை. புதிதாக வந்தவர் பழைய கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் கணக்கு சரியா என்பது தெரியும்.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கபடியைப் பாருங்கள். இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனத்தில் ஒரே மனிதர் 28 வருடம் தலைவராக இருந்தார். பிறகு அவரை ஆயுட்காலத் தலைவர் ஆக்கினார்கள், அவர் மனைவி தலைவரானார். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நியமனங்களைச் செல்லாது என்று சொல்லி, சம்மேளனத்தை ஒரு நிர்வாகியின் கையில் ஒப்படைத்தது. அதன்பின் தேர்தல், அங்கீகாரம் என்று இழுபறி வருடக்கணக்கில் நீண்டது. ஈரானில் நடக்கவிருந்த ஆசியப் போட்டிக்குப் பெண்கள் அணி போகவேண்டும் என்பதற்காக 2025 பிப்ரவரியில் வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. நிர்வாகிகள் செய்ததற்கு ஆடுகிறவர்கள் விலை கொடுத்தார்கள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

ஆகவே ஆடுகிறவர்களுக்கும் செயற்குழுவில் இடம் வையுங்கள். லோதா பரிந்துரைப்படி கிரிக்கெட் வாரியத்தின் உச்சக் குழுவில் முன்னாள் வீரர் ஒருவரும் வீராங்கனை ஒருவரும் இருக்கிறார்கள். 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும், தேசிய அளவிலான விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் சிறந்த விளையாட்டு வீரர்கள் இருவரும் பெண்கள் நால்வரும் குறைந்தபட்சம் இருக்கவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் உங்கள் ஊர்க் கழகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஏலத்தில் விலைபோகும் பையன்கள் சார்பாக ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், "பேசிய தொகை வரவில்லை" என்ற புகார் மைதானத்தில் வெடிப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிக் கட்டணமும் ஸ்பான்சர் பணமும் சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரவேண்டும், செயலாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு வரக்கூடாது. காசோலையில் இரண்டு கையெழுத்து. ஜெர்சி, கோப்பை, பந்தல் எதுவானாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி வையுங்கள். ஐபிஎல் அணிகளின் சின்னத்தையும் பெயரையும் பேனரில் போடாதீர்கள், அவை வணிக முத்திரைகள்.

பந்தயம் கட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏல லீக் என்று வந்துவிட்டால் அது நிழல்போல் கூடவே வரும். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதற்கென்று இந்தியாவில் தனிக் குற்றவியல் சட்டம் இல்லை. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், அது இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவில் வராது, நடவடிக்கை எடுக்கவேண்டியது விளையாட்டு அமைப்பு தன் விதிகளின்படி என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. அதாவது உங்கள் லீக்கில் அப்படி நடந்தால் உங்களுக்கு முதல் துணை உங்கள் விதிப் புத்தகம்தான். ஒவ்வோர் அணி உரிமையாளரும் ஆட்டக்காரரும் ஆட வருவதற்கு முன்பே அதில் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். அந்த விதியின்படி விசாரணை நடத்தவேண்டிய செயலாளரே ஓர் அணியின் உரிமையாளராக இருந்தால், விசாரணையை யார் நம்புவார்கள்?

செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வது? முதலில் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். கழகத்தை வளர்த்தவரைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். அணி வேண்டும் என்றால் இந்தக் கோடைக்குப் பொறுப்பை இணைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு விலகட்டும், பதவி வேண்டும் என்றால் அணியை வேறொருவர் எடுக்கட்டும் என்று இரண்டு வழியையும் அவர் முன் வையுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால், பதிவுக்கு முந்தைய நிலையில் இருக்கும் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. துணை விதிகளில் மேலே சொன்ன பிரிவைச் சேர்த்தே பதிவு செய்யுங்கள். பதிவான பிறகு சேர்ப்பதானால் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, அந்தத் திருத்தத்தையும் பதிவாளரிடம் பதிவு செய்யவேண்டியிருக்கும். அதன்பிறகும் யாராவது விதியை மீறினால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால் சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளையும் கணக்கையும் விசாரிக்கலாம். யார் உண்மையான செயலாளர் என்ற தகராறாக அது மாறிவிட்டால், அதைத் தீர்க்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம். அங்கே போனால் பல கோடைகள் கழிந்துவிடும் என்பதால், ஏலத் தேதியை அறிவிப்பதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.